ஃபோன் திருத்தும் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

வெள்ளம் வந்த அந்தக் கிழமை திருகோணமலையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் வந்து, வீடு கழுவி, இப்போதுதான் இருந்து எழுத முடிகிறது. அதற்குள்ளும் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் நடந்துவிட்டது. நடத்தித் தந்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட்டம் தி. த. சரவணமுத்துப்பிள்ளையைப் பற்றியது. நம்மூரில் பிறந்து, சென்னையில் படித்து, 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். பேச வேண்டிய தமிழ்நாட்டுப் பேராசிரியரால் வர முடியவில்லை. ஃபோனில் பேசினால் இணைப்பு அறுந்து அறுந்து போனது. கடைசியில் உரையைத் துண்டு துண்டாக வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினார். என் ஃபோனில் சார்ஜ் இல்லை.

சந்தியில் ஃபோன் திருத்தும் தம்பியிடம் ஓடினேன். மேசை நிறைய நனைந்த ஃபோன்கள். இந்த நேரத்தில் இலக்கியக் கூட்டமா என்று சிரிப்பார் என நினைத்தேன். அவரோ கவரேஜ் வரும்போதெல்லாம் ஒவ்வொரு துண்டாக இறக்கி, வரிசையாக ஒட்டி, மறுநாள் தன் கடை பற்றரியையும் ஸ்பீக்கரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

வந்தவர் போகவில்லை. பின்வரிசையில் இருந்து முழுதும் கேட்டார். பிறகு எழும்பி, “இவர் நம்மட ஊர்க்காரர்தானே, ஏன் நாயக்கர் காலத்துத் தஞ்சாவூர், மதுரைக் கதையை எழுதினவர்? நம்மட ஊரில கதை இல்லையா?” என்றார்.

அரைமணி நேரம் வாக்குவாதம். அச்சகமும் வாசகரும் அங்கேதானே இருந்தார்கள் என்றார் ஒருவர். அது மட்டும் காரணமாக எனக்குப் படவில்லை. சரி, கேள்வியை அப்படியே பேராசிரியருக்கு அனுப்பினோம். நீண்ட பதில் வந்தது. இத்தனை காலமும் அதைச் சென்னையில் பிறந்த நாவலாகவே பாடம் நடத்தியதாகவும், இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

விபுலாநந்த அடிகள் இங்கே இந்துக் கல்லூரியையும் நடத்தினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆனால் எங்கள் கூட்டங்களில் அங்கிருந்து வருபவர் பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம், பொன்னாடை போர்த்துவோம். அதற்குக் கருத்துப் பரிமாற்றம் என்று பெயர் வேறு! இந்த முறைதான் இங்கிருந்தும் ஏதோ போயிருக்கிறது.

மண்டபத்தைத் திறந்து தந்தவர்கள், பிளேன்டீயும் ரொட்டியும் தந்த அக்காமார், கிண்ணியாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஓட்டோக்கார நானா, கதிரை தூக்கிய பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவருடைய கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறோம். தொடக்கிவைப்பவரும் அவர்தான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.