ஒரு குவிண்டால் நெல்லுக்கு என்ன செலவு? பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். டெல்டாக் கல்லூரிகளில் இளநிலைப் பொருளியல் மாணவருக்குச் செலவை ஒரு வளைகோடாகவே காட்டுகிறோம். எதைச் செலவாக எண்ணுவது என்பதிலேயே பொருளியலாளர்கள் பிரிகிறார்கள் என்று சொல்லித்தருவதில்லை. அதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு களப்பணித் தாள் வேண்டும்.

2025–26-ல் சாதாரண ரக நெல்லுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இது அரசு கணக்கிட்ட 1,579 ரூபாய் செலவில் ஒன்றரை மடங்கு. ஏ2+எஃப்எல் எனப்படும் இச்செலவில் விதை, உரம், கூலி, கொடுத்த குத்தகை, வீட்டார் உழைப்பின் மதிப்பு எல்லாம் அடங்கும். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2, தொகை ஏறும். சி2-ஐ வைத்துத்தான் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. ஒன்றை வேறு வழியில் பயன்படுத்தினால் கிடைத்திருக்கும் வருமானமும் செலவே என்னும் வாய்ப்புச் செலவுக் கோட்பாட்டின்படி, சொந்த நிலத்தையும் முதலையும் செலவில் சேர்ப்பது சரி; ஆனால் ஒன்றரை மடங்கு என்பது அக்கோட்பாட்டிலிருந்து வருவதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொருளியலாளர் ரிக்கார்டோவைக் கேட்டால், தானிய விலை உயர்வதால்தான் நில வாடகை உயர்கிறது, அதைச் செலவில் சேர்க்காதே என்பார். சட்டம், வழக்கம், ஒப்பந்தம் போன்ற சமூக ஏற்பாடுகளை ஆராயும் நிறுவனப் பொருளியலார், வாய்மொழிக் குத்தகை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். மூன்றுமே நம் வயலில் பதில் தேடவேண்டிய கேள்விகள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்றைய தஞ்சை மாவட்டப் பாலக்குறிச்சி அவற்றில் ஒன்று.

இந்தத் தாளிலும் மாணவர் வயலுக்குப் போய்ச் சாகுபடிச் செலவைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். பத்து சாகுபடியாளர் போதும்: வாய்க்கால் தலைப்பில் ஐவர், கடைமடையில் ஐவர். பட்டாப் பட்டியலிலிருந்து ஆளெடுத்தால் குத்தகைதாரர் விடுபட்டுவிடுவார். வயலில் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். நாற்று, நடவு, களை, அறுவடை என நான்கு முறை போக வேண்டும். அறுவடைக்குப் பின் ஒரே நாளில் கேட்டால் களைக்கூலி நினைவில் இராது. வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டால் பெண்களின் உழைப்பு நாள்கள் குறைந்துபோகும். அளவுகளில்தான் அதிகம் தவறு நடக்கிறது: 3 மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி, கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, வியாபாரியின் மூட்டை அதைவிடப் பெரிது. 'மூட்டை' என்று மட்டும் எழுதிவந்த குறிப்பேட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அதே குறிப்பேட்டை வைத்து மாணவர் வாய்ப்புச் செலவு, ரிக்கார்டோ, நிறுவனப் பொருளியல் என்ற மூன்று வழியிலும் செலவு கணக்கிடட்டும். ஒவ்வொரு வழியும் எதை விட்டுவிடுகிறது என்று எழுதுவதற்கே பாதி மதிப்பெண் கொடுங்கள்.

தாளை ஜூனில் தொடங்கும் பருவத்தில் வையுங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவையை நாற்றிலிருந்து அறுவடைவரை பார்க்கலாம். டிசம்பரில் வைத்தால் சம்பா அறுவடை மட்டுமே மிஞ்சும், நடவு முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
டெல்டாக் கல்லூரிகளின் பொருளியல் ஆசிரியர்கள் சிலர்