கரையானும் உறை மோரும்

டார்வின், ஆஸ்திரேலியா
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல். போன வாரம் போனில், "கரையானுக்கு மருந்து வைக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. நீயே போனை வைத்துவிட்டாயோ என்னவோ. போனில் சொன்னால் பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. ஒரே புழுக்கம். நம் ஊரில் சித்திரையில் வரும் மாம்பழம் இங்கே ஐப்பசியில் வருகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். எனக்கு வேலை கிடைத்ததும் அந்த மாமரங்களால்தான். இந்த வடக்கு ஆஸ்திரேலியாவின் கரையான் ஒன்று இருக்கிறது, மாஸ்டோடெர்மிஸ் என்று பெயர். அரை அங்குலத்துக்குக் கிட்ட நீளம். புற்று எழுப்பாது. மண்ணுக்கடியிலும் அடிமரத்துக்குள்ளும் இருந்துகொண்டு, காய்த்து நிற்கிற பச்சை மரத்தையே சாய்த்துவிடும். இதன் குடும்பத்தில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனம் மட்டும்தான். முட்டைகளைக் கரப்பான்பூச்சி மாதிரி கட்டாக இடும். கரையானும் கரப்பானும் பங்காளிகளாம்.

இவ்வளவு மரத்தைத் தின்கிறதே, எப்படிச் செரிக்கிறது? எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு பூச்சியியல் மேடம் அதைக் காட்டினார். கரையானின் குடலை எடுத்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் கலைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். உள்ளே திருவிழாக் கூட்டம், அம்மா. ஒரே செல்லால் ஆன உயிர்கள், நெளிந்து நெளிந்து ஓடுகின்றன. சிலவற்றுக்குள் மரத்தூள் அடைத்திருப்பதுகூடத் தெரிந்தது. அவை மரத்தைப் புளிக்கவைத்துக் கொடுக்க, அதில் வருகிற ஒருவகைக் காடியைக் குடித்துத்தான் கரையான் பிழைக்கிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் அடங்கிவிட்டது. வெளிக்காற்று அவற்றுக்கு ஆகாதாம். 1920களில் க்ளீவ்லண்ட் என்ற அமெரிக்கர் ஆக்சிஜனைச் செலுத்தி கரையானின் குடலில் இருந்த இந்த உயிர்களை மட்டும் சாகடித்துப் பார்த்திருக்கிறார். கரையான்கள் வழக்கம்போல மரத்தைத் தின்றனவாம், தின்றுகொண்டே பட்டினியில் செத்தனவாம்.

இந்த டார்வின் கரையானுக்குள் இருக்கும் அந்த உயிர்களில் பெரியவற்றில் ஒன்று மிக்ஸோட்ரிக்கா. அரை மில்லிமீட்டர் வரை வளரும், பேரிக்காய் மாதிரி இருக்கும். மரத்தூளைப் பின்பக்கமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சிரிக்காதே! 1933-ல் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதை விவரித்தபோது, உடம்பெல்லாம் மயிரிழைகள், அவற்றால் நீந்துகிறது என்று எழுதினார். 1964-ல் அதே க்ளீவ்லண்ட், கிரிம்ஸ்டோன் என்பவரோடு சேர்ந்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அவை மயிரே இல்லை. ஒவ்வொன்றும் தனி பாக்டீரியா! சுமார் இரண்டரை லட்சம் பாக்டீரியாக்கள் மேலே ஒட்டிக்கொண்டு, சேர்ந்தாற்போல் ஆடி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. அதற்கென்று சொந்தமாக இருப்பது முன்னால் நான்கு இழைகள், திசை திருப்ப மட்டும். கரையானுக்குள் ஒரு பிராணி, அதன் முதுகில் இன்னொரு கூட்டம். யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

இனி சொல்வது உனக்கு உடனே புரியும். கரையான் வளர வளரச் சட்டை உரிக்கும். அப்போது குடலின் உள்தோலும் சேர்ந்து உரிந்து, உள்ளே இருந்த கூட்டமும் போய்விடும். அப்புறம் கூட்டாளியின் பின்பக்கத்திலிருந்து ஒரு துளி வாங்கிக் குடித்தால்தான் வயிற்றில் மறுபடி வேலை நடக்கும். உறை மோர் தீர்ந்து போனால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்டுவோமே, அதே கதை. எங்கள் மருந்தும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. உடனே கொல்லாத மருந்தை நாலு கரையானுக்குக் கொடுத்தால் போதும். ஊட்டிக்கொள்வதிலும் நக்கிச் சுத்தம் செய்வதிலும் கூடு முழுக்கப் பரவிவிடும். சம்பளம் வாங்குகிறேன், இருந்தாலும் மருந்து வைக்கும்போது கொஞ்சம் உறுத்தும்.

நம் வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறாயே, அந்தக் கரையானிடம் இந்த உயிர்கள் கிடையாது. அது புற்றுக்குள்ளேயே பூஞ்சைத் தோட்டம் போட்டு மரத்தை மக்கவைத்துத் தின்னும். மழைக்குப் பின் நீ பறித்துவரும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து முளைப்பதுதான். அப்பாவை மாட்டுக்கொட்டகைத் தூண்களில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்.

தயிர் பற்றிக் கேட்டாயே. மிளகாய்க் காம்பு போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவையும் பால் கெட்டதுதான் மிச்சம். கடைசியில் எதிர்வீட்டு நேபாளி அக்கா ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தார். அதில் உறை ஊற்றியது, இந்தப் புழுக்கத்துக்கு நாலு மணி நேரத்தில் கட்டியாக நின்றது. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கவில்லை, இரண்டு மாம்பழம் வைத்துத்தான் கொடுத்தேன்.

உன் மகன்