சீசனுக்கு முன் பிளேடுகளைத் தெர்மல் கேமராவில் பாருங்கள்

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பகுதிக் காற்றாலை உரிமையாளர்களுக்கும், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

வைகாசியில் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் புரட்டாசி வரை காற்றாலையை நிறுத்த யாருக்கும் மனசு வராது. அப்போது நிறுத்தச் சொல்லவும் இல்லை. அதற்கு முன், பிளேடுகளை (காற்றாலை இறக்கைகளை) தெர்மல் கேமராவில், அதாவது வெப்ப வித்தியாசத்தைப் படமாகக் காட்டும் கேமராவில் பார்க்க, பங்குனியிலும் சித்திரையிலும் சில காலைப் பொழுதுகளைத்தான் கேட்கிறேன்.

இப்போது பிளேடுகளைக் கீழே நின்று பைனாகுலரில் பார்க்கிறோம், வசதி இருந்தால் ட்ரோன் விடுகிறோம். வெடிப்பு, மின்னல் தாக்கிய கருகல், முன்விளிம்புத் தேய்மானம் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் பிளேடு என்பது கண்ணாடி இழை, ரெசின், நடுவே பால்சா மரமோ ஃபோமோ, இரு பக்க ஓடுகளையும் சேர்க்கும் பசை என்று அடுக்கடுக்காகச் செய்தது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

பழுது பார்க்க இறக்கி, மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்த ஒரு பிளேடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கண்ணால் பார்த்து "சரி" என்று முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணி வெயிலில் கேமராவைத் திருப்பினால், பின்விளிம்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சத் திட்டு. சுற்றிலும் இருந்ததைவிட ஒரு டிகிரிகூட முழுசாகக் கூடுதல் இல்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக் என்று வந்த சத்தம் அந்த இடத்தில் தொப்பென்று விழுந்தது. அறுத்துப் பார்த்தோம். பசை ஒரு ஓட்டில் மட்டும் ஒட்டியிருக்க, எதிர் ஓடு வழவழவென்று இருந்தது. செய்த நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை.

வெயில் பட்டதும் சூடு மேல்தோலிலிருந்து உள்ளே இறங்கும். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் அங்கேயே தேங்கும். கண்ணாடி இழை கடத்துவதில் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூடக் காற்று கடத்தாது. அதனால் அந்த இடம் காலையில் சூடாகத் தெரியும், சாயங்காலம் முதலில் ஆறிவிடும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் காலையில் குளிர்ந்த திட்டாக நிற்கும்.

உச்சி வெயிலில் படம் எடுத்து "குறை ஏதும் இல்லை" என்று எழுதி வாங்காதீர்கள். அதற்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி காய்ந்து, வித்தியாசம் மங்கியிருக்கும். பளபளப்பான பெயிண்டில் வானம் பிரதிபலித்தும் ஏமாற்றும். நாம் நகர்ந்தால் கூடவே நகரும் திட்டு குறை அல்ல. குறையின் ஆழம் இரண்டு மடங்கானால் அது தெரிய நான்கு மடங்கு நேரமாகும், அதற்குள் கலங்கியும் போகும். பிளேடின் பாரத்தைத் தாங்கும் தடித்த நடுப்பட்டைக்கு, ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனைதான் சரி.

2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் கிளம்பிய ஏர் டிரான்சாட் விமானம் ஒன்றின் வால் சுக்கான், நடுவானில் பெரும்பகுதி பிய்ந்துபோனது. அந்த ஏர்பஸ் ஏ310-இன் சுக்கானும், நம் பிளேடு போலவே, இழையும் ரெசினும் சேர்த்த கூட்டுப்பொருளில் செய்ததுதான். விமானம் திரும்பி வந்து இறங்க, உள்ளே இருந்த 271 பேரும் பிழைத்தார்கள். அப்போதிருந்த சோதனை முறை இப்படிப்பட்ட சுக்கான்களின் குறையை உரிய நேரத்தில் காட்டப் போதாமல் இருக்கலாம் என்று கனடாவின் விபத்து விசாரணை வாரியம் எச்சரித்தது. நம் பிளேடுகளுக்குக் கீழே ஆடு மேய்க்கிறவர்களும், வயலில் வேலை செய்கிறவர்களும் தினமும் நடக்கிறார்கள்.

அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் இந்தச் சோதனையை எழுத்தில் சேருங்கள். பழைய காற்றாலையை மாற்றிப் புதியது வாங்குகிறவர்கள், தொழிற்சாலையில் எடுத்த வெப்பப் படங்களைப் பிளேடோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்து ஒரு திட்டு தெரிந்தால், அது அன்றே இருந்ததா, பிறகு வளர்ந்ததா என்று ஒப்பிட அந்தப் படம் வேண்டும்.

பெரிதாகத் தொடங்க வேண்டாம். உங்களிடம் உள்ளதிலேயே வயதான காற்றாலை ஒன்றை வரும் பங்குனியில் ஒரு காலை மட்டும் நிறுத்தி, வெயில் ஏறும் பக்கம் பிளேடைத் திருப்பி வையுங்கள். படம் எடுக்கும்போது நீங்களும் கூட நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
பிளேடு பழுது பார்க்கும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர்