ஆளுக்குத் தட்டுப்பாடு என்று நம்பினேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று ஞாயிறாக நீ போன் செய்யவில்லை. லேபில் வேலை இருக்கும். அம்மாதான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெரியம்மா வீட்டு விசேஷத்தில் எல்லாரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். பாஸ்டனில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். "இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்றார் மாமா. அங்கே விஞ்ஞானிகளுக்குத் தட்டுப்பாடு, சீக்கிரம் ஆகிவிடும் என்றேன். இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொன்ன அதே பேச்சு.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தட்டுப்பாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, 6,75,000 விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் தட்டுப்பாடு வரப்போகிறது என்று கணக்குச் சொன்னது. அப்படி ஒன்றும் நடக்காததால் 1992-இல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழுவே அந்தக் கணக்கை விசாரித்தது. 1998-இல் உயிரியல் விஞ்ஞானி ஷெர்லி டில்மன் தலைமையிலான குழு, உயிரியலில் பிஎச்டி மாணவர்களை இனியும் கூட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீ அப்போது ஒன்றாம் வகுப்பு.

உழவர் சந்தையில் தக்காளிக்குத் தட்டுப்பாடு என்றால் விடிவதற்குள் விலை ஏறிவிடுகிறது. ஆளுக்குத் தட்டுப்பாடு என்றால் சம்பளம் ஏற வேண்டாமா? பிஎச்டி முடித்த புதியவருக்கு 2024-இல் என்ஐஎச் என்கிற அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வைத்த சம்பள அளவே ஆண்டுக்கு 61,008 டாலர்தான். அதை ரூபாயாக்கி ஊரெல்லாம் சொன்னேன். பாஸ்டன் வாடகையை ஒருநாளும் கழித்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் சில வேலைகளுக்கு நிஜமாகவே ஆள் கிடைக்காத காலம் இருந்திருக்கலாம். உன் துறையில் அப்படித் தெரியவில்லை. குறைந்த சம்பளத்தில், கான்ட்ராக்டில், கேள்வி கேட்காமல் உழைக்கிற ஆள்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

நீயாவது முன்பே சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறாய், சின்ன வயதிலிருந்தே. நேரத்துக்குச் சாப்பிடு பாப்பா.

இல்லை, உன்னைச் சொல்ல எனக்கு வாயில்லை. பிஎச்டி முடித்த வருஷம் இங்கே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயே, பதிலே வரவில்லை என்று இரண்டு மாதம் வருத்தப்பட்டாயே, பதில் வந்தது. நேர்காணலுக்கு அழைப்பு. நான்தான் பிரித்தேன். அவ்வளவு பெரிய நாடு ஆளில்லாமல் தவிக்கிறது, இவள் இங்கே வந்து என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்து பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, கான்ட்ராக்ட் எந்த மாதத்தோடு முடிகிறது என்று அம்மாவிடமாவது சொல். டிக்கெட்டுக்கு தபால் ஆபீஸ் பணம் இருக்கிறது. மாடி அறையில் ஃபேன் மாற்றியாயிற்று.

அப்பா