காரைத் தாழ்த்தித் தரும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், உபி, சின் மிங் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும், அங்கே வேலை பார்க்கும் நம் அண்ணன் தம்பிமார்களுக்கு, வணக்கம்.

உங்களிடம் வரும் வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். கையில் இருப்பது சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க எடுக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் ஒரு பழைய சின்ன கார். குட்டை ஸ்பிரிங் போட்டு அதன் உயரத்தை 40 மில்லிமீட்டர் இறக்கினேன். ஸ்பிரிங் மட்டும் புதிது, அது துள்ளுவதை அடக்கும் அப்சார்பர் பழையதேதான். எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. காலையில் விட்ட காரை மதியச் சாப்பாட்டுக்கு முன் திருப்பித் தந்துவிட்டார்கள். பார்க்க ஜோராக இருந்தது. மல்டி ஸ்டோரி கார் பார்க்கில் நிறுத்திவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு மனைவி, இரண்டு பையன்களோடு உட்லண்ட்ஸ் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. பிஐஇ விரைவுச்சாலையிலிருந்து பிகேஇ விரைவுச்சாலைக்குத் திரும்பும் வளைவில், 60 வேகம்கூட இருக்காது, பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் காரின் பின்பக்கம் சட்டென்று வெளியே போனது. எப்படியோ நேராக்கிவிட்டேன். பின் சீட்டில் பையன்கள் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "மழையில எல்லாக் காரும் வழுக்கும் பாஸ், டயரை மாத்துங்க" என்றார்கள். சரி என்று இரண்டு புது டயர் வாங்கினேன். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே என்று புதியதை முன்னால் போட்டு, முன்னால் தேய்ந்ததைக் கழற்றிப் பின்னால் மாட்டினார்கள். அதோடு பிரச்சினை இன்னும் மோசமானது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து அடித்துக்கொண்டு வருமே ஒரு மழை, அதில் தனியாக வேலைக்குப் போகும்போது சாதாரண வளைவில் மறுபடியும் வால் ஆடியது.

எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற மெக்கானிக் மாமா ஒருவர் இருக்கிறார். காரைச் சுற்றி வந்தவர் பின் டயரை வெளியே பார்க்கவே இல்லை. கையை உள்ளே விட்டு உள்விளிம்பைத் தடவினார். "நீயே தொட்டுப் பாரு" என்றார். வெளிப்பக்கம் நன்றாகவே பட்டை இருந்த டயர், உள்பக்கம் மொட்டை. தாழ்த்திய காரில் மட்கார்டு டயரை மூடிக்கொள்வதால் அது கண்ணிலேயே படாது. டயர் பட்டையின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம், மழைக்கு அதுவே போதாது. என்னுடையதில் உள்விளிம்பில் அதுவும் இல்லை. காரை இறக்கியதும் முன்சக்கரங்களின் கேம்பரும் (சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடுகின்றன. டோ வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரமே தேய்ந்துபோகிறது. இவற்றை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் செய்திருந்தால் தப்பித்திருக்கும், யாரும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிய பாடம். பின் அப்சார்பர் தண்டில் ஒரு கேபிள் டையை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) கட்டிவிட்டு, எங்கள் நால்வரையும் ஏறச் சொல்லி, கார் பார்க்கில் இருக்கும் ஹம்ப்களின் (வேகத்தடை மேடுகள்) மேல் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், டை மேலேறி, அப்சார்பர் கடைசிவரை அமுங்கினால் முட்டும் ரப்பரான பம்ப் ஸ்டாப்போடு ஒட்டி நிற்கிறது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கிவிட்டு அப்சார்பரை அப்படியே விட்டதால் அது அமுங்குவதற்கு இடமே மிச்சமில்லை. ஆள் ஏறினால் அந்தக் கொஞ்சமும் போய்விடுகிறது. வளைவில் பம்ப் ஸ்டாப் முட்டும் நொடியில் பின்பக்கம் கட்டை மாதிரி விறைத்துப்போய், பாரமெல்லாம் வெளிப்பக்கத்து ஒரே டயரில் விழுகிறது. காய்ந்த சாலையில் டயர் அதைத் தாங்கிவிடும். ஈரத்தில் விட்டுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். பிறகு விடியற்காலை மழையில் வால் ஆடியதற்கு, பின்சக்கரத்தில் மாட்டிய மொட்டை டயர் ஒன்றே போதும்.

உங்களுக்குத் தெரியாததா இது? தெரியும். ஆனால் காரைக் காலியாக லிஃப்டில் ஏற்றி, காலியாக இறக்கி, காலியாகவே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுக்கிறீர்கள். நாங்கள் குடும்பத்தோடும் பத்துக் கிலோ அரிசியோடும் ஓட்டுகிறோம்.

இப்போது 25 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் அப்சார்பரும் போட்டு ஓட்டுகிறேன். தேய்வு குறைந்த டயர் எப்போதும் பின்னால். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடிக்கு வந்துவிடும். பின்பக்கம் போனால் என்னைப் போன்ற ஆளால் சமாளிக்க முடியாது. டயர் காற்றும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான். முன்னைப் போல ஜோராக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. ஸ்பிரிங்குக்குச் சொல்லும் விலையிலேயே அலைன்மென்ட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்பவனுக்கு வேலையைச் செய்யாதீர்கள். அலைன்மென்ட் அளவு அச்சிட்ட தாளைக் கையில் கொடுங்கள். பழைய அப்சார்பரோடு 40 இறக்கச் சொன்னால் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவான், போகட்டும். சாவியைக் கொடுக்கும் முன் கடைப் பையன்கள் இரண்டு பேரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, ஒரு கேபிள் டை கட்டி, ஹம்ப் இருக்கும் தெருவில் ஒரு சுற்று போய் வாருங்கள். அடுத்த மாதம் என் தம்பி அவனுடைய காரைக் கொண்டுவருகிறான். 40 வேண்டும் என்றுதான் கேட்பான்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ்வாசி ஒருவன்