எது ஐஸ், எது முற்பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்ஷனை (பெறுமதிகளைக் கொடுத்து அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டை) அழைக்கும்போது ஒவ்வொரு பெறுமதிக்கும் பெயர் போட்டு அனுப்பும் வசதி ஒரு புரோகிராமிங் மொழிக்கு எதற்கு, வரிசையை ஞாபகம் வைத்தால் போதாதா என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கையைச் சுட்டுக்கொள்ளும் வரை.

திருக்கடலூரில் ஒரு சம்மாட்டிக்கு (மீன்பிடி முதலாளிக்கு) மீன் கணக்குப் பார்க்க ஜாவா மொழியில் சின்னதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். கிலோ, விலை, முற்பணக் கழிவு, ஐஸ் காசு என்பதுதான் வரிசை. ஓரிடத்தில் மட்டும் கணக்கு(85, 1200, 1500, 5000) என்று கடைசி இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். நாலும் முழு எண்கள், அதனால் கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. இரண்டுமே கழிக்கிற தொகை என்பதால் கையில் கொடுத்த காசும் ஒரு ரூபாய் பிசகவில்லை. மாதக் கடைசியில் ஒரு தொழிலாளி வந்து, “தம்பி, நாளுக்கு ஐயாயிரம் வெட்டுறீங்கள், என்ர கடன் ஏன் அந்தளவுக்குக் குறையேல்லை?” என்று கேட்டபோதுதான் விளங்கியது. அவருடைய முற்பணம் முழுக்க ஐஸ் கணக்கில் போய் விழுந்திருந்தது.

பைதனில் என்றால் கணக்கு(85, 1200, ஐஸ்=1500, முற்பணம்=5000) என்று எழுதியிருப்பேன், பெயர் போட்ட இரண்டில் எதை முன்னால் போட்டாலும் பிழைக்காது. (பைதன் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும், ஏனோ பலர் முயன்று பார்ப்பதில்லை.) நாம் பேசுவதே இப்படித்தானே? ‘தம்பிக்கு மீனைக் கொடு’, ‘மீனைத் தம்பிக்குக் கொடு’, எப்படிச் சொன்னாலும் மீன் தம்பியிடம்தான் போகும், ‘கு’வும் ‘ஐ’யும் ஒட்டியிருக்கிறபடியால்.

இது புதுப் பவிசும் இல்லை. 1983இலேயே அடா மொழியில் இருந்தது, ஃபோர்ட்ரான் 90இலும் உண்டு. சி ஷார்ப்புக்கு 2010இல் வந்தது, பிஎச்பிக்கு 2020இல். ஜாவாவும் ரஸ்டும் இன்னும் அசையவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் ஒரு ஆப்ஜெக்டுக்குள் (பெயரும் பெறுமதியுமாகச் சேர்த்த பொதிக்குள்) கட்டி அனுப்பிச் சமாளிக்கிறோம்.

கோட் எழுதும் எடிட்டரே ஒவ்வொரு பெறுமதிக்கும் முன்னால் பெயரைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறதே என்கிறார் அந்த வாசகர். சரி, அது அவருடைய திரையில். என்னிடம் ஏஎல் (உயர்தர) வகுப்பில் ஐசிடி என்ற கணினிப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இரவு பத்து மணிக்குக் கொப்பியில் எழுதிய கோடை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதில் என்ன சாம்பல் நிறம் தெரியப்போகிறது?

ஒரு வில்லங்கம் மட்டும் உண்மை. இதுவரை பங்ஷனுக்குள்ளே என் இஷ்டத்துக்கு வைத்திருந்த பெயர், வெளியே நாலு பேர் எழுதத் தொடங்கியதும் என்னுடையதாக இராது, பிறகு அதை மாற்றினால் அவர்களுடைய கோட் உடையும். அதனால்தான் பைதன் 3.8இல், ஒரு சாய்கோடு போட்டு அதற்கு முன்னால் உள்ளவற்றைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் தடுக்க வழி செய்தார்கள். ஸ்விஃப்ட்டில் அழைப்பவருக்கு ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்று வைக்கலாம். இந்த வசதியைப் புதிதாகச் சேர்க்கிற எந்த மொழியும் ஸ்விஃப்ட்டின் வழியைப் பார்க்கட்டும் என்பேன், வரிசையை மாற்ற அது விடாது என்றாலும்.

அந்தச் சம்மாட்டியின் ஏட்டைத் திருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. ஐஸ் காசை இன்னும் ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார்.

இப்படிக்கு,
டியூசன் ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.