படிகமும் கடத்தலும்: ஒரு பதில் கடிதம்

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். பாலிமர் படலத்தில் படிகம் (அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுங்கிய பகுதி) கூடினால் மின்கடத்தலும் கூடுமா என்று உன் மாணவி கேட்டதற்கு நீ "ஆம்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். சென்ற ஆண்டு வரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் கையாளும் பி3எச்டி என்ற மின்கடத்தும் பாலிமரின் சங்கிலியிலுள்ள தயோஃபீன் என்ற கந்தக வளையங்கள் 0.38 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மின்னூட்டம் சங்கிலியின் நீளவாக்கில் எளிதாகவும், இவ்வடுக்கின் வழியே ஓரளவும் செல்லும். மெழுகு போன்ற ஹெக்சைல் பக்கச் சங்கிலிகளைத் தாண்டுவதுதான் அதற்குக் கடினம். ஆகவே படிகம் இருப்பது மட்டும் போதாது, அது எத்திசையில் கிடக்கிறது என்பதும் முக்கியம். அடுக்கும் திசை அடித்தளத்துக்கு இணையாக அமைந்த படலத்தில் மின்னூட்டத்தின் நகர்திறன் (அது எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது), செங்குத்தாக அமைந்ததைவிட நூறு மடங்குக்கு மேல் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் குழுவினர் 1999-இல் காட்டினார்கள்.

என்னைக் குழப்பியது வேறொன்று. மூலக்கூறு எடை குறைந்த, அதாவது சங்கிலி குட்டையான, பி3எச்டி எக்ஸ் கதிர் வரைபடத்தில் நல்ல படிகத்துக்கு அடையாளமான கூர்மையான முகடுகளைத் தந்தது. எடை மிகுந்ததோ மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் டிரான்சிஸ்டரில் வைத்து அளந்தபோது மங்கலானதே நன்றாகக் கடத்தி வென்றது. கருவியைச் சந்தேகித்து இணைப்புகளை இரண்டு முறை மாற்றினேன். பிறகுதான், 2003-லேயே வெளியான ஒரு கட்டுரை இதே முடிவை, ஆயிரம் மடங்கையும் மீறிய வேறுபாட்டுடன், சொல்லியிருப்பதைப் படித்து வெட்கப்பட்டேன். குட்டைச் சங்கிலிகள் அழகான படிகங்களாகின்றன. ஆனால் ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்கு எட்டுவதில்லை. நீண்ட சங்கிலியோ ஒரு முனையை ஒரு படிகத்திலும் மறுமுனையை இன்னொன்றிலும் வைத்து, இடையிலுள்ள ஒழுங்கற்ற பகுதியைக் கடக்கிறது. ஏரிகள் நிரம்பியிருந்து என்ன, வாய்க்கால் வேண்டாமா?

உன் பதில் முழுக்கத் தவறென்றும் சொல்லமாட்டேன். பெடாட் என்ற கடத்தும் பாலிமரும் பிஎஸ்எஸ் என்ற இன்னொரு பாலிமரும் கலந்த பெடாட்-பிஎஸ்எஸ் படலத்தின் கடத்துதிறன் சாதாரணமாக சென்டிமீட்டருக்கு 1 சீமன்ஸைக்கூட எட்டாது. அடர் சல்ஃபூரிக் அமிலத்தில் முக்கியெடுத்தபின் அது 4,000-ஐத் தாண்டியதாக 2014-இல் அறிவித்தார்கள். அங்கே படிகநிலை உண்மையிலேயே உயர்கிறது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஎஸ்எஸ்ஸின் பெரும்பகுதியையும் அமிலம் கழுவிவிடுகிறது. ஆகவே புகழ் முழுவதையும் படிகத்துக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் இரண்டு எக்ஸ் கதிர் வரைபடங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். விடையைச் சொல்லாமல் அந்த மாணவியிடம் காட்டி, எது நன்றாகக் கடத்தும் என்று கேள்; எதைத் தேர்ந்தெடுத்தாள், ஏன் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரகு